ஜூலை 1-க்குத் தள்ளிப்போன சம்பளம்

ஒரு மாநகராட்சி திவாலாகுமா என்று நண்பர் கேட்டார். விளிம்புவரை போய்த் திரும்பிய ஊர் ஒன்று உண்டு: நியூயார்க், 1975. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

மாநகராட்சிக்குப் பொதுவாக இரண்டு கணக்கு. சம்பளம், குப்பை அள்ளுவது, தெருவிளக்கின் கரண்ட் பில் எல்லாம் நடப்புச் செலவு. அந்தந்த வருஷத்து வருமானத்திலேயே இதைச் சமாளிக்க வேண்டும். பாலம், பள்ளிக் கட்டடம் மூலதனச் செலவு. முப்பது வருஷம் நிற்கிற பாலத்துக்குக் கடன் வாங்கி, முப்பது வருஷத்தில் அடைப்பதில் தப்பில்லை. நியூயார்க்கோ அன்றாடச் செலவில் ஒரு பங்கை மூலதனக் கணக்கில் எழுதியது. மளிகைக் கடை பாக்கியை வீட்டுக் கடனில் சேர்த்த மாதிரி.

அடுத்த வித்தை இன்னும் நேர்த்தியானது. அந்த ஊரின் நிதியாண்டு ஜூன் 30-இல் முடியும். அன்று தரவேண்டிய சம்பளத்தை ஜூலை 1 அன்று கொடுத்தால் தாமதம் ஒரே நாள்தான். ஊழியர் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் முடிந்த ஆண்டின் செலவில் ஒரு சம்பளப் பட்டுவாடாவே காணாமல் போயிருக்கும்! வரவில் இதற்கு நேர்மாறு. வராத வரியையும் வரவில் வைத்தார்கள். இடிந்து கிடந்த கட்டடங்கள், ஏன், நகரத்துக்கே சொந்தமாகிவிட்ட கட்டடங்களின் சொத்து வரிகூட 'வரவேண்டிய பாக்கி'யாக நின்றது. அந்தப் பாக்கியைக் காட்டிக் குறுகிய காலக் கடன், அதை அடைக்க இன்னொரு கடன். 1975-இல் இந்தக் கைமாற்று சுமார் 600 கோடி டாலருக்கு ஏறியபோது வங்கிகள் கைவிரித்தன.

மேயர் ஏப்ரஹாம் பீம் அதற்கு முன் அதே நகரின் கணக்குகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலராக இருந்தவர். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அக்டோபர் 17 அன்று 45 கோடி டாலருக்கு மேல் அடைத்தாக வேண்டும். கஜானா காலி, திவால் மனு தயார். கடைசி நேரத்தில் ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்குப் பத்திரம் வாங்கச் சம்மதித்ததால் ஊர் தப்பியது. அதே மாதம் உதவ மாட்டேன் என்ற ஜனாதிபதி ஃபோர்டு, டிசம்பரில் இறங்கிவந்து கடனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அக்டோபருக்கு முன்பே மாநில அரசு ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை உட்கார வைத்திருந்தது. பணம் எந்தத் தேதியில் கைமாறினால் என்ன, வேலை நடந்த ஆண்டின் செலவாகவே அதை எழுத வேண்டும் என்றானது. ஜூலை 1 வித்தைக்கு அத்தோடு மங்களம். நான்காண்டு நிதித் திட்டம் வந்தது. வெளித் தணிக்கையாளர் பார்த்த ஆண்டறிக்கை, நிதியாண்டு முடிந்து நான்கு மாதத்துக்குள், அதாவது அக்டோபர் 31-க்குள் இன்றும் வெளியாகிறது. புதிய முறையில் வரவும் செலவும் சரிக்கட்ட 1981 வரை ஆயிற்று.

நம் ஊர் மாநகராட்சி பட்ஜெட் வந்தால் பத்திரிகைகள் புது அறிவிப்புகளைத்தான் கொட்டை எழுத்தில் போடும். நீங்கள் சொத்து வரி இனத்தைத் தேடுங்கள். போன ஆண்டு எவ்வளவு வரும் என்றார்கள், கடைசியில் எவ்வளவு வந்தது என்று பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால், உங்கள் வார்டு கவுன்சிலரிடம் காரணம் கேளுங்கள்.