முதுமையில் துணை – 9: நாற்பது ஆண்டு நிச்சயதார்த்தம்

சென்ற வாரம் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றாகவே வாழ்ந்து, 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஒருவருக்கு எண்பத்தேழும் மற்றவருக்கு எண்பத்துமூன்றும் வயதாகியிருந்த நிலையில், நகர மண்டபத்திலே சட்டப்படி மணம் புரிந்துகொண்ட டெல் மார்ட்டின், பில்லிஸ் லயன் என்ற இரு மாதரசிகளின் வரலாற்றைப் பார்த்தோம். அந்த வரலாற்றைப் படிக்கும்போது, நல்லெண்ணம் படைத்தவர்களின் நெஞ்சில்கூட ஒரு கேள்வி எழக்கூடும். வாலிபத்தையும் நடுவயதையும் அடக்கமாகக் கழித்துவிட்ட தன்பால் ஈர்ப்பினர், உடல் தளர்ந்து ஓய்வை நாட வேண்டிய காலத்தில் ஊரறியத் தம் உறவைச் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன, இத்தனை காலம் மௌனமாக இருந்தவர்கள் எஞ்சிய சில வருஷங்களையும் அப்படியே கழித்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பதே அந்தக் கேள்வி. அதற்கு உபதேசமாக விடை சொல்லுவதைவிட, நியூயார்க் நகரத்தில் வாழ்ந்த ஈடித் வின்ஸர் என்ற அம்மையாரின் வாழ்க்கையை எடுத்துச் சொல்லுவதே தகும் என்று கருதுகிறேன்.

ஈடித் அம்மையார் 1929-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரத்தில், ருஷ்ய தேசத்திலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். கலாசாலைப் படிப்பு முடிந்ததும் உலக வழக்கத்துக்கு இணங்கி வின்ஸர் என்னும் குடும்பப் பெயருடைய ஆடவரை விவாகம் செய்துகொண்டார். ஆயினும் தம் மனம் நாடுவது பெண்களையே என்பதை மறைத்து அந்த நல்ல மனிதரோடு காலமெல்லாம் பொய்யான இல்லறம் நடத்துவது தகாது என்று உணர்ந்து, சிறிது காலத்திலேயே அவரிடம் உண்மையைச் சொல்லிப் பிரிந்தார். அவருடைய பெயரை மட்டும் தம்முடன் வைத்துக்கொண்டு நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கே கணித சாஸ்திரம் பயின்று 1957-இல் முதுகலைப் பட்டம் பெற்று, ஐ.பி.எம். கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராமராக அமர்ந்து, அத்துறையின் உயர்ந்த தொழில்நுட்பப் பதவிவரை முன்னேறினார்.

அது எத்தகைய காலம் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 1953-இல் ஜனாதிபதி ஐஸனோவர் பிறப்பித்த ஓர் உத்தரவின்படி, தன்பால் ஈர்ப்பினர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை அமெரிக்க சர்க்கார் உத்தியோகத்திலிருந்து நீக்கிவிடலாம். அவர்கள் கூடும் மதுக்கடைகளில் போலீஸார் புகுந்து சோதனை போடுவதும், அதனால் பலர் பிழைப்பை இழப்பதும் அக்காலத்தில் சகஜமாக இருந்தன. இந்தச் சூழ்நிலையிலேதான் 1963-இல் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ‘போர்ட்டோஃபினோ’ என்ற உணவு விடுதியில் தியா ஸ்பையர் என்ற மனோதத்துவ நிபுணரை ஈடித் சந்தித்தார். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, யுத்தத்துக்கு முன்பே குடும்பத்தோடு ஹாலந்தைவிட்டு வெளியேறி வளர்ந்தவர் தியா. சந்தித்த அன்றிரவு இருவரும் ஓயாது நடனமாடியதில் ஈடித்தின் காலுறை ஓட்டையாகிவிட்டது என்பதை அவர்கள் வாழ்நாளெல்லாம் மகிழ்ச்சியுடன் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1967-இல் தியா மண்டியிட்டுத் தம் காதலியிடம் மணம் புரிய வேண்டினார். ஆனால் மோதிரம் அணிந்து காரியாலயத்துக்குப் போனால், மாப்பிள்ளை யார், என்ன உத்தியோகம் என்று சக ஊழியர்கள் கேட்பார்களே என்ற அச்சம் ஈடித்துக்கு இருந்தது. ஆகையால் மோதிரத்துக்குப் பதிலாக வைரங்கள் வட்டமாகப் பதித்த ஒரு மார்பணி ஊசியை தியா அளித்தார். அடிக்கடி தொலைபேசியில் அழைக்கும் தியா யார் என்ற கேள்வி எழாமல் இருக்கும்பொருட்டு, தாம் தியாவின் சகோதரர் ‘வில்லி’ என்பவருடன் பழகுவதாக ஈடித் காரியாலயத்தில் சொல்லி வைத்திருந்தார். வில்லி என்பது உண்மையில் ஒரு பொம்மையின் பெயர். நேசிப்பவரின் குரல் தொலைபேசியில் கேட்டதும் முகம் மலர வேண்டிய ஒரு பெண், அந்த மலர்ச்சிக்குக் காரணமென்று, இல்லாத ஓர் ஆடவரை ஆண்டுக்கணக்கில் ஜோடித்துக் கொண்டிருக்க நேர்ந்ததை எண்ணும்போது என் மனம் மிகவும் வேதனைப்படுகிறது.

எனினும் அந்த நாட்களில் அவர்களால் மறைத்து வாழ முடிந்தது. இந்த விஷயத்தை நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டும். மறைந்து வாழ்வதற்குத் தேகபலம் வேண்டும். தன் கதவைத் தானே சாத்திக்கொள்ளவும், தன் கடிதத்தைத் தானே எடுத்துக்கொள்ளவும், வேண்டாத கேள்வி வந்தால் எழுந்து வேறிடம் போகவும் வல்லவருக்கே அந்தரங்கம் தம் கையில் இருக்கும். படுக்கையிலிருந்து எழுப்பிவிடவும், உடை மாற்றவும், மருந்து கொடுக்கவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை வந்துவிட்டால், வீட்டுக் கதவு பிறரால்தான் திறக்கப்படுகிறது. இளமையில் பாதுகாப்பாக இருந்த மௌனம், முதுமையில் அந்த முதியவரையே வதைக்கும் தண்டனையாக மாறிவிடுகிறது.

தியா அம்மையாருக்கு இந்த நிலை முதுமைக்கு முன்னரே வந்துவிட்டது. 1977-இல், நாற்பத்தைந்தாம் வயதில், நரம்பு மண்டலத்தை நாளடைவில் செயலிழக்கச் செய்யும் மல்டிபிள் ஸ்க்லெரோஸிஸ் என்ற வியாதி அவரைப் பற்றியிருப்பதாக வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். முதலில் கைத்தடி, பிறகு ஊன்றுகோல்கள், அப்புறம் கையால் தள்ளும் சக்கர நாற்காலி, கடைசியில் விரலசைவால் ஓட்டும் மின்சார நாற்காலி என்று முப்பது வருஷங்களில் அந்த நோய் படிப்படியாக அவருடைய அவயவங்களைச் செயலற்றவை ஆக்கியது. நோய் கண்டறியப்படுவதற்கு ஈராண்டுக்கு முன்பே உத்தியோகத்திலிருந்து விலகியிருந்த ஈடித், குளிப்பாட்டுவது முதல் படுக்க வைப்பதுவரை பல மணி நேரம் பிடிக்கும் பணிவிடைகளைச் சலிக்காமல் செய்துவந்தார். தியாவோ, நோய் முற்றிய பின்பும் வீட்டிலிருந்தபடியே தம்மை நாடி வந்தவர்களின் மனக்கவலைகளைக் கேட்டு ஆலோசனை வழங்கி வந்தார். முதன்முதலில் அவர்களைச் சேர்த்து வைத்த நடனத்தையும் அவர்கள் கைவிடவில்லை. ஈடித் தியாவின் மடியில் அமர்ந்துகொள்ள, மின்சார நாற்காலி சங்கீதத்துக்கு இசைந்து முன்னும் பின்னும் சுழல, இருவரும் ஆடினார்கள். நிறைவான முதுமை என்றால் நோயற்ற முதுமை என்று நாம் பெரும்பாலும் எண்ணிவிடுகிறோம். அந்த நாற்காலி நடனத்தை அறிந்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள்.

ஆனால் அன்பு எவ்வளவு பெரிதாயினும், அதற்குச் சட்டத்தின் ஒப்புதல் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலிலும், வங்கியிலும், வரி அலுவலகத்திலும் அது செல்லுபடியாவதில்லை. நியூயார்க் நகரசபை 1993-இல் இத்தகைய துணைவர்களுக்காக ஒரு பதிவேட்டைத் திறந்ததும் இருவரும் அதில் பெயரைப் பதிவு செய்துகொண்டார்கள். 2007-இல், தியா இன்னும் ஓராண்டு காலமே ஜீவித்திருக்கக்கூடும் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டபோது, கனடா தேசத்துக்குச் சென்று சட்டப்படி விவாகம் செய்துகொள்வதென்று தீர்மானித்தார்கள். பிரித்து மாட்டக்கூடிய சக்கர நாற்காலியையும் உதவிக்குச் சில சிநேகிதர்களையும் உடன்கொண்டு விமானமேறி, அவ்வாண்டு மே 22-ஆம் தேதி டொராண்டோ விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலில், ஹார்வி பிரௌன்ஸ்டோன் என்ற நீதிபதியின் முன்னிலையில் மணம் புரிந்துகொண்டார்கள். தாமும் தன்பால் ஈர்ப்பினரே என்பதை வெளிப்படையாகச் சொன்னவர் அந்த நீதிபதி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த நிச்சயதார்த்தம் இவ்வாறு விவாகமாக நிறைவேறியது.

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி தியா காலமானார். துக்கத்தின் கடுமையால் ஈடித்துக்கு இருதய நோயே கண்டு ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது. அந்த நிலையில் வந்து சேர்ந்தது வரி நோட்டீஸ். கணவன் இறந்தால் மனைவிக்கும், மனைவி இறந்தால் கணவனுக்கும் சேரும் சொத்துக்கு அமெரிக்க மத்திய சர்க்கார் பரம்பரைச் சொத்து வரி விதிப்பதில்லை. ஆனால் 1996-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஆண் பெண் சேர்க்கையே விவாகம் என்று வரையறுத்து, மற்றவற்றை மத்திய சர்க்கார் அங்கீகரிக்கக்கூடாது என்று விதித்திருந்தது. டொராண்டோ விவாகத்தை நியூயார்க் மாநிலம் ஏற்றுக்கொண்டபோதிலும், அமெரிக்க சர்க்காரின் கண்ணில் ஈடித் தியாவுக்கு யாதொரு உறவுமற்ற அந்நியர். ஆகவே 3,63,053 டாலர் வரியாகக் கட்டும்படி நேர்ந்தது. தியா ஓர் ஆணாக இருந்திருந்தால் ஒரு காசும் கட்ட வேண்டியிராது.

பணத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. வயது எண்பதைக் கடந்துவிட்டது, இருதயமோ பலவீனம். உதவி வேண்டி அணுகியபோது, இது தக்க சமயமல்ல என்று சொல்லித் தன்பால் ஈர்ப்பினருக்காகப் பாடுபடுகிறவர்களே தயங்கினார்கள். ராபர்ட்டா காப்லான் என்ற பெண் வக்கீல் வழக்கை ஏற்றுக்கொள்ள, 2010-இல் ஈடித் அமெரிக்க சர்க்காரின்மீது வழக்குத் தொடர்ந்தார். கீழ்க்கோர்ட்டிலும் அப்பீல் கோர்ட்டிலும் அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. 2013 மார்ச் மாதம் சுப்ரீம் கோர்ட்டில் விசாரணை நடந்த தினத்தில், 1967-இல் தியா கொடுத்த அதே வைர ஊசியை மார்பில் அணிந்து அவர் கோர்ட்டுக்கு வந்தார். அவ்வாண்டு ஜூன் 26-ஆம் தேதி, ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், அந்தச் சட்டப்பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஈடித்துக்கு அப்போது எண்பத்துநான்கு வயது. விவாக உறவைப் பொறுத்து உரிமை வழங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மத்திய சட்ட விதிகளின் பலன், சட்டப்படி மணந்துகொண்ட ஒரே பாலினத் தம்பதிகளுக்கும் கிடைக்க இத்தீர்ப்பு வழிவகுத்தது. இரண்டாண்டு கழித்து, அதே ஜூன் 26-ஆம் தேதியன்று, தேசம் முழுவதிலும் இத்தகைய விவாகம் செல்லும் என்று மற்றொரு தீர்ப்பும் வெளியாயிற்று.

ஓய்வுக்குரியது என்று உலகம் ஒதுக்கி வைத்த பருவத்தில், தம் வாழ்வின் மகத்தான காரியத்தை அவர் செய்து முடித்தார் என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் அந்தக் காரியத்தைச் செய்யும் தகுதியை அவருக்கு அளித்ததும் அந்த முதுமையே என்பது என் கருத்து. நாற்பது வருஷங்களுக்கு மேற்பட்ட வாழ்வை, அதில் முப்பது வருஷத்துப் பணிவிடையை, எவர்தாம் வாலிபச் சபலம் என்று தள்ளிவிட முடியும்?

ஆயினும் ஈடித்தைப் போல நீண்டகாலத் துணை வாய்த்தவர்கள் சிலரே. அவர் தலைமுறையைச் சேர்ந்த பலருக்குப் பிள்ளைகள் இல்லை. உடன்பிறந்தவர்களோ வெகுகாலத்துக்கு முன்பே உறவை அறுத்துக்கொண்டவர்கள். உறவினர்க்கு ஈடாகத் தேடிக்கொண்ட நண்பர்களிலும் பலரை 1980-களில் எய்ட்ஸ் நோய் கொண்டுபோய்விட்டது. இத்தகையவர்களுக்காகவே நியூயார்க்கில் 1978-இல் ‘ஸேஜ்’ என்ற ஸ்தாபனம் தோன்றியது. வீட்டைவிட்டு வெளிவர இயலாத முதியவர்களின் இல்லங்களுக்குத் தொண்டர்கள் சென்று, உடனமர்ந்து பேசி வருவதை அது தன் ஆரம்ப காலப் பணியாகக் கொண்டது. பணிவிடை செய்ய வரும் பெண்ணின் காலடியோசை கேட்டதும், காலஞ்சென்ற துணைவரின் புகைப்படத்தைச் சுவரிலிருந்து எடுத்து மேஜைக்குள் ஒளித்துவிட்டு, அவள் போன பிறகு மறுபடி மாட்டிக்கொள்ளும் ஒரு முதியவருக்கு, அந்தப் படத்திலிருப்பவர் யார் என்று கூசாமல் சொல்லத்தக்க ஒரு மனிதர் வாரத்துக்கு ஒருமுறை வந்து போவது எவ்வளவு பெரிய ஆறுதல்! 2012-இல் நகர நிர்வாகத்தின் உதவியுடன் மான்ஹாட்டனில் ஸேஜ் திறந்த முதியோர் நிலையத்தில் மாலை நேரச் சாப்பாடும், வகுப்புகளும், உற்சாகமான சம்பாஷணையும் கிடைக்கின்றன. அந்த ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவில் பணிபுரிந்த ஈடித்தின் பெயரையே பின்னர் அந்நிலையத்துக்குச் சூட்டினார்கள்.

தியாவை இழந்த பிறகு தம் வாழ்வு முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. 2016-இல், எண்பத்தேழாம் வயதில், ஜூடித் காஸன் என்பவரை நியூயார்க் நகர மண்டபத்தில் மணந்தார். இம்முறை வேறு தேசத்துக்குப் பயணம் செய்ய வேண்டியிருக்கவில்லை. வில்லி என்றொருவரைக் கற்பிக்க வேண்டியும் இருக்கவில்லை. மறு ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி, எண்பத்தெட்டாம் வயதில், மனைவியின் ஸ்தானத்தில் ஒருவர் சட்டப்படி உடனிருக்க அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஆதியில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். முதிய தன்பால் ஈர்ப்பினர் தம் உறவைச் சொல்லிக்கொள்வது விளம்பரத்துக்காக அன்று; தம் உடலைப் பிறர் கையில் ஒப்படைக்க வேண்டிய காலத்தில், தம் மனத்தையும் அந்தக் கைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே. ஆகவே அவர்களுடைய சகோதரர் மக்களுக்கும், சிகிச்சை செய்யும் வைத்தியர்களுக்கும், முதியோர் இல்லம் நடத்துகிறவர்களுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது ஒன்றே. அந்த முதியவர் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர் வாயிலாகவே கேளுங்கள். கேட்டபின் அந்த உறவுக்குரிய நாற்காலியைப் படுக்கையருகே போடுங்கள். அதற்குத் தீர்ப்பு எதுவும் வரவேண்டியதில்லை, இன்றே செய்யலாம்.

துணையின்றித் தனித்து வாழும் முதியவர்களுக்கு ஆறுதல் மட்டும் போதாது, தலைக்கு மேல் ஒரு கூரையும் வேண்டுமல்லவா? 2019-ஆம் ஆண்டு ப்ரூக்ளினில் 145 குடித்தனங்களுடன் எழுந்த ‘ஸ்டோன்வால் ஹவுஸ்’ என்னும் பதினேழு மாடி இல்லத்தைப் பற்றி அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.