பனங்காய்ப் பணியாரம்

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஆறு இல்லை. வேலணையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வானம் பார்த்த நிலமும் பனையுமே அதிகம். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். அதற்கு முந்திய ஆடி, ஆவணி மாதங்களில் வயல் வெறுமையாகக் கிடக்கும். பனம்பழமோ அப்போதுதான் விழும். ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் பனங்காய்ப் பணியாரம் நம் வீடுகளில் நிலைத்ததற்கு இந்தப் பொருத்தமே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பனம்பழத்தை அப்படியே உண்டால் சற்றுக் கசக்கும். அந்தக் கசப்பை அடக்குவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. பழத்தைத் தோல் நீக்கிப் பிசைந்து, தும்பில்லாமல் களியை வடித்தெடுக்க வேண்டும். அதைச் சீனியுடன் பச்சை வாடை போகும்வரை காய்ச்சி, ஆறியதும் கோதுமை மாவும் சிறிது உப்பும் சேர்த்துக் குழைப்பார்கள். பிறகு நெல்லிக்காயளவு கிள்ளிக் கொதிக்கும் எண்ணெயில் விட்டுப் பொரிப்பார்கள். சுடச்சுட உண்பதிலும் ஆறியபின் உண்பதே சுவை.

இப்பண்டத்தில் பழம் நம் மண்ணுடையது. கோதுமை கப்பலில் வந்தது. ஆகவே, இன்று நாம் உண்ணும் பணியாரம் பழமையும் புதுமையும் கலந்த ஒன்று.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பம் நயினாதீவை விட்டுப் புத்தளம் சென்றது. பாத்திரம் பண்டம் எதுவும் கொண்டு செல்லவில்லை. ஆனால் அங்கும் பனை நின்றது. அடுத்த ஆவணியில் உம்மம்மா பணியாரம் சுட்டாராம். "ஊர் எப்படி இருக்கும் உம்மம்மா?" என்று நான் கேட்டால், "இதைத் தின்று பார் மகள், தெரியும்" என்பார்.

இன்று பலர் பனம்பழத்தை எடுப்பதில்லை, மரத்தடியிலேயே அழுகுகிறது. பயன் தராத மரம் என்று எண்ணினால் தறிப்பதும் எளிதாகிவிடும். போரிலும் எத்தனையோ பனைகள் அழிந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. ஆனால் அரசாங்கச் சபையால் மட்டும் ஒரு சுவையைக் காக்க முடியாது. அடுப்படியிலும் அது வாழ வேண்டும்.

தாய்மாரே, வரும் ஆவணியில் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக் களி பிசையுங்கள். தோழிகளே, மிஞ்சும் கொட்டைகளை எறிந்துவிடாதீர்கள். மண்ணில் பாத்தி போட்டுப் புதைத்தால் சில மாதங்களில் கிழங்கு கிடைக்கும். கிண்டாமல் விட்ட ஒரு கொட்டை, நம் பேரப்பிள்ளைகளுக்குப் பழம் தரும் மரமாகும்.