சேர்ந்து வாழ்கிறார்கள், சான்று எங்கே?

பெற்றோர் அடைத்து வைத்திருக்கும் பெண்ணை மீட்டுத் தரக் கோரும் ஆட்கொணர்வு மனு ஒன்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மனு போட்டவர் தன்னை ‘நெருங்கிய தோழி’ என்றே குறிப்பிட்டிருந்தார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் விசாரித்தபோது அந்த 25 வயதுப் பெண் தயங்கவில்லை. தான் தன்பாலீர்ப்பாளர் என்றும், மனுதாரரோடுதான் போக விரும்புவதாகவும் சொன்னார்.

நீதிமன்றம் அவரை அனுப்பி வைத்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல. தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது தீர்ப்பு. உதவி கேட்டு அழைத்த குரலுக்குச் செவிசாய்க்காத காவல்துறையையும் கண்டித்தது.

இந்த நீதிமன்றத்துக்கு இது முதல் அடி அல்ல. 2021-இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்களின் வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தனக்கே இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று கருதிய அவர், உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெளிந்த பிறகே உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்கு அந்த உத்தரவு தடை போட்டது.

சேர்ந்து வாழ இனி தடையில்லை. ஆனால் அந்த வாழ்க்கைக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியை 2018-இல் தளர்த்திய உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணம் அடிப்படை உரிமையல்ல என்று 2023 அக்டோபர் 17-இல் கூறிவிட்டது. அதை முடிவு செய்ய வேண்டியது சட்டமன்றங்களே என்றது.

இதன் வலி அன்றாடக் காகிதங்களில் தெரியும். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024-இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. நல்ல செய்திதான். ஆனால் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், அது சேர வேண்டியது வாரிசுகளுக்கே. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், 20 ஆண்டுகள் கூட வாழ்ந்தவருக்கு வாரிசுரிமை கிடையாது. தத்தெடுக்க நினைத்தால் ஒருவர் தனிநபராக விண்ணப்பிக்கலாம்; ஜோடியாக முடியாது.

2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழி சொன்னார். இருவர் எழுதிக்கொள்ளும் ‘குடும்ப உறவு ஒப்பந்தம்’ ஒன்றுக்கு அங்கீகாரம் தருவதைத் தமிழக அரசு பரிசீலிக்கலாம் என்றார். துன்புறுத்தலும் பாகுபாடும் இல்லாமல் அவர்கள் சேர்ந்து வாழ அது பாதுகாப்பாக இருக்கும்.

இப்படி அங்கீகாரம் தரும் வேலை தமிழகச் சட்டமன்றத்துக்குப் புதிதல்ல. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் பல ஆண்டுகளாக நடந்துவந்தும், 1953-இல் அப்படியொரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஊரறிய வாழ்ந்த தம்பதிகள் சட்டத்தின் கண்ணில் தம்பதிகளாக இல்லாமல் போனார்கள். 1967-இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம் அவற்றைச் செல்லுபடியாக்கியது. ஏற்கெனவே நடந்த திருமணங்களையும் சேர்த்தே. வாழ்க்கை முந்திச் செல்ல, சட்டம் பின்னால் வந்து அதை ஏற்றது.

திருமணமும் வாரிசுரிமையும் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலம் இதில் சட்டம் இயற்ற இடமிருக்கிறது; மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 1967 திருத்தமும் அந்த ஒப்புதலைப் பெற்றே நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனையில் கையெழுத்துப் போடும் உரிமை, வாடகை வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை, துணையின் இறுதிச் சடங்கை நடத்தும் உரிமை ஆகிய மூன்றையாவது அந்தக் குடும்ப உறவு ஒப்பந்தத்தில் சேர்த்து, தமிழக அரசு முதல் மசோதாவைக் கொண்டுவர வேண்டும்.