நடுகல்லும் மரப்பாவையும்: மகனை இழந்த தந்தையர்

மகனை இழந்த தந்தையின் துயர் தமிழ் இலக்கியத்தில் இருவகையாக இடம்பெறுகின்றது. ஒன்று, வாய்விட்டு அரற்றும் துயர். கம்பர் இராவணனை இந்திரசித்தின் உடலருகே புலம்பவைத்தது இவ்வகையது. மற்றொன்று, சொல்லிற் சுருங்கிச் செயலில் வெளிப்படும் துயர். இப்பின்னதே ஈண்டு ஆராயப்பெறுகின்றது. இழந்தோர் இறந்தவர்க்கு ஓர் உருவம் அமைக்க முற்படுங்கால், அவ்வுருவம் யாருடையது என்னும் வினா எழும். இவ்வினாவுக்கு அயல்நாட்டுத் திரைக்கதை ஒன்றும், கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்து நடுகற்களும், சிலப்பதிகாரமும் தரும் விடைகளை ஒப்பிட்டு நோக்குவாம்.

2022ஆம் ஆண்டில் கில்லெர்மோ தெல் தோரோ, மார்க் கஸ்டாஃப்சன் ஆகிய இருவரும் இயக்கிய 'பினோக்கியோ', பாவைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படம்பிடித்துக் கோத்த அசைவூட்டப் படமாகும். இதற்கு மூலமான கொல்லோடியின் கதை 1883இல் நூலுருப் பெற்றது. மூலத்தில் மரவேலை செய்யும் ஜெப்பெட்டோவுக்கு இறந்த மகன் எவனும் இலன். திரைக்கதையோ கார்லோ என்னும் சிறுவனைப் புதிதாகப் படைத்து, முதல் உலகப்போரில் தேவாலயத்தின்மேல் வீழ்ந்த குண்டுக்கு இரையாக்குகின்றது. கல்லறையருகே தந்தை ஊன்றிய பைன் மரத்துக் காய் முளைத்து மரமாகின்றது. ஆண்டுகள் பல கழிந்தும் துயர் தணியாத அவர், இடியும் மழையும் மிக்க ஓரிரவில், குடிமயக்கத்தில் அம்மரத்தை வெட்டி, மகனை மீளப் பெறுவேன் என்று பாவை செதுக்குகின்றார். வேலை முற்றுப்பெறுமுன் உறங்கியும் விடுகின்றார். உயிர்பெற்று எழுந்த பாவையைக் கார்லோவைப்போல் ஒழுகப் பணிக்கின்றார். அஃது இயலாதபோது சுமையென்று கடிகின்றார்.

இனி, கருநாடகத்தை ஒட்டிய எல்லைநிலமாகிய கிருஷ்ணகிரி மாவட்டத்தை நோக்குவாம். இது பழைய தகடூர் நாட்டைச் சார்ந்தது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் நிகழ்ந்த நிலம். இங்குத் தமிழிலும் கன்னடத்திலும் எழுத்துப் பொறித்த நடுகற்கள் உள்ளன. அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் தொறு மீட்டுப் பட்ட செய்தி ஆகியன இத்தகைய கற்களில் இடம்பெறுவன. இன்னார் மகன் இன்னார் எனத் தந்தை பெயர் வருவதும் உண்டு. மகன் பெயருக்கு முன்னே தந்தை ஒரு சொல்லாக நிற்கின்றான். அவன் அழுகை கல்லில் இல்லை.

தொல்காப்பியம் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல்லுக்குரிய துறைகள் ஆறு கூறப்பெறும். கல்லைக் கண்டு தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக உள்ள இவை ஒருவர் தனித்துச் செய்வன அல்ல. பலர் கூடிச் செய்வன. துயருக்கும் உருவத்துக்கும் இடையே இவை கால இடைவெளியை வைக்கின்றன. ஜெப்பெட்டோவின் கையில் இவையனைத்தும் ஓரிரவாகச் சுருங்கின. உடனிருந்து இறந்தவன் பெயரைச் சொல்லி வாழ்த்துவார் எவருமிலர். ஆகவே மரத்தில் மறைந்தவனின் நினைவு அமையவில்லை. அவனை மீட்கும் பேராசையே அமைந்தது.

கார்லோ போர்வீரன் அல்லனே, நடுகல் மரபு அவனுக்குப் பொருந்துமோ எனின், பொருந்தும் என்க. கண்ணகியும் போரிற் பட்டவள் அல்லள். எனினும் இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்தில் இத்துறைப் பெயர்களையே காதைப் பெயர்களாக்கி அவளுக்குக் கல் அமைத்தார். அங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. நீர்ப்படைக் காதையில், கங்கையில் கல்லை நீராட்டிய பின்னர், மாடலன் செங்குட்டுவனிடம் புகாரில் நிகழ்ந்தவற்றைக் கூறுகின்றான். கோவலன் தந்தை மாசாத்துவான் பொருளையெல்லாம் தானமாக ஈந்து பௌத்தத் துறவு பூண்டான். கண்ணகி தந்தை மாநாய்கன் ஆசீவகர்முன் அறங்கொண்டான். தாயர் இருவரும் துயர் பொறாது உயிர் நீத்தனர். மக்களை இழந்த தந்தையரின் செய்தி, கல் நீராடியதற்கும் நடப்படுவதற்கும் இடையே சில அடிகளில் சொல்லப்படுகின்றது. கல்லை எடுத்தவன் அரசன். தந்தையர் அதனைத் தீண்டவில்லை. அழுபவன் வேறு, உருவம் அமைப்பவன் வேறு எனக் காப்பியம் பிரித்து வைத்தது. ஜெப்பெட்டோவிடம் இவ்விருவரும் ஒருவராயினர்.

மாசாத்துவானின் கதை சிலம்போடு முடியவில்லை. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் தவநெறி நிற்கும் அவனைப் பெயர்த்தி மணிமேகலை காண்கின்றாள். கோவலனின் குருதியே எதிரில் நிற்கின்றது. எனினும் அவன் மகனை அவளிடம் தேடவில்லை. அவளைத் தன்னருகே நிறுத்திக்கொள்ளவுமில்லை. அவளுக்குரிய நெறியைக் காட்டிக் காஞ்சிக்குச் செல்லுமாறு உரைக்கின்றான். திரைக்கதையின் இறுதியில் ஜெப்பெட்டோவும் இவ்விடத்தையே அடைகின்றார். வேறொருவனாக ஆக்க முயன்றது தன் பிழையென்று பினோக்கியோவிடம் கூறி, அவனை அவனாகவே ஏற்கின்றார். துறவியாகிய வணிகன் முன்னரே அறிந்ததை மரத்தொழிலாளி நெடுந்துயருக்குப் பின்னர் அறிகின்றார் எனலாம்.

இதனால் பெறப்படுவது யாது? நினைவுருவம் இறந்தவனுக்கு ஈடு அன்று. அவன் இலன் என்பதை ஏற்றபின் அவன் பெயரைக் காப்பது அது. பெயர் மாறின் கல் வெறுங்கல்லாம். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் நடுகற்கள் வேடியப்பன் என இன்றும் வழிபடப்படுகின்றன. வழிபாடு கல்லைக் காத்தது. ஆயினும் பொதுப்பெயர் வீரனின் தனிப்பெயரை மறைத்ததும் உண்டு. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியதிலிருந்து மேய்ச்சல் நிலமும் வயலும் ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறிவருகின்றன. வரப்பிலிருந்து பெயர்க்கப்பட்ட கல் அருங்காட்சியகத்தை அடைந்தால் எழுத்தேனும் எஞ்சும். கடைக்கால் குழியில் வீழ்ந்தால் அதுவும் இல்லை. ஆதலின் இவ்வட்டாரத்தில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர், கல்லின் வடிவத்தோடு, அது நின்ற இடத்தையும், அதிலுள்ள மகன் பெயரையும் தந்தை பெயரையும் ஒருங்கே பதிவுசெய்தல் வேண்டும். அழாத அத்தந்தையர் நமக்கு விட்டுச்சென்றவை அவ்விரு பெயர்களே.