சட்டம் இயற்றிய வீட்டில் விருந்து

இந்நாட்டில் அடைக்கலம் கோரிய எம்மவருள், ஒருமுறையேனும் எழுத்து மூலம் பொய்யர் எனச் சொல்லப்படாத குடும்பங்கள் குறைவு. கைதான மாதத்தை முதல் விசாரணையில் வைகாசி என்றும் அடுத்த விசாரணையில் ஆனி என்றும் கூறிவிட்டால் அதுவே போதும். முகாமில் இருந்த நாட்களின் கணக்கு மாறினாலும், அச்சத்தினால் தமையனின் பெயரை மறைத்திருந்தாலும் அதே கதிதான். “உமது கூற்று நம்பத்தகுந்ததன்று” என்ற வாசகத்தோடு கடிதம் வந்து சேரும். அத்தகைய கடிதங்கள் பலவற்றை அயலவர்க்கும் பழைய மாணவர்க்கும் தமிழில் வாசித்துச் சொல்லும் பணி இக்கட்டுரையாளனுக்கு வாய்த்ததுண்டு. விண்ணப்பகாரரின் எவ்வெந் நடத்தைகள் அவரது நம்பகத்தன்மையைக் கெடுப்பனவாகக் கொள்ளப்படல் வேண்டும் என்பதை 2004ஆம் ஆண்டின் சட்டமொன்று தனிப்பிரிவாகவே வகுத்து வைத்துள்ளது.

ஏழையின் சொல்லை இத்துணை நுணுக்கமாக நிறுக்கும் ஒரு நாடு, தன் பிரதமரின் சொல்லை எவ்வாறு நிறுத்தது? பொரிஸ் ஜோன்சனின் வீழ்ச்சியை அகதிகளாகிய நாம் சற்று ஊன்றி நோக்க வேண்டியது இதன் பொருட்டே.

2020 மார்ச் 23ஆம் திகதி இரவு தொலைக்காட்சியில் தோன்றிய ஜோன்சன், மக்கள் அனைவரும் வீட்டிலேயே இருத்தல் வேண்டும் எனப் பணித்தார். கொரோனாக் கொள்ளைநோய் நாட்டைச் சூழ்ந்திருந்த காலம் அது. விதிகள் சட்டமாயின. கோயில்கள் பூட்டப்பட்டன. மருத்துவமனையில் உயிர் பிரியும் தந்தையின் கையைப் பற்றியிருக்க மகனுக்கு அனுமதி கிட்டவில்லை. இறந்தவரை வீட்டுக்குக் கொணர்ந்து நீராட்டி, வாய்க்கரிசி இட்டு, சுற்றத்தார் சூழ நின்று அழுது வழியனுப்பும் எமது வழக்கம் அவ்வாண்டில் அறுந்தது. தகனசாலையின் வாயிலில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் இடைவெளி விட்டு நின்றனர். ஏனையோர் ஹரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் ரூட்டிங்கிலும் தத்தம் வீடுகளில் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தனர். அந்தியேட்டியும் திரையிலேயே நடந்தது. நமது மக்கள் முணுமுணுத்தனர், ஆயினும் கீழ்ப்படிந்தனர். பொலிஸ் பதிவில் பெயர் ஏறினால் பிரஜாவுரிமை விண்ணப்பம் என்னாகுமோ என்ற அச்சமும் அந்தக் கீழ்ப்படிதலில் கலந்திருந்தது என்பதை நாம் அறிவோம்.

மீறியவர்களும் இருந்தனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸார் விதித்த தண்டப்பணச் சீட்டுக்கள் ஒரு இலட்சத்துக்கும் அதிகம். பெருங்கூட்டம் கூட்டுவோருக்குப் பத்தாயிரம் பவுண் வரை தண்டம் அறவிடவும் விதி செய்யப்பட்டது.

இனி, விதியை இயற்றிய வீட்டினுள் நடந்தவற்றைப் பார்ப்போம். 2020 மே 20ஆம் திகதி மாலை, வீட்டுக்கு வெளியே வேறு குடும்பத்தவர் ஒருவரை மட்டும் இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று சந்திக்கலாம் என அமைச்சர் ஒருவர் தொலைக்காட்சியில் நாட்டுக்கு விளக்கினார். அதே மாலையில் டவுனிங் வீதி 10ஆம் இலக்கத்தின் பூந்தோட்டத்தில் விருந்து நடந்தது. பிரதமரின் பிரதம அந்தரங்கச் செயலாளர் மார்ட்டின் ரெனோல்ட்ஸ் ஏறத்தாழ நூறு பேருக்கு அழைப்பு அனுப்பியிருந்தார். மதுவை அவரவரே கொண்டு வருமாறும் அதில் எழுதியிருந்தார். பிரதமரும் அங்கு வந்து சுமார் 25 நிமிடங்கள் நின்றார். யூன் 19இல் அமைச்சரவை அறையில் அவரது பிறந்தநாள் ஒன்றுகூடல். டிசம்பர் 18இல் பத்திரிகைப் பிரிவினரின் விருந்து. 2021 ஏப்ரல் 16ஆம் திகதி இரவு இரண்டு பிரியாவிடை விருந்துகள். மறுநாள் வின்ஸர் தேவாலயத்தில் மகாராணி எலிசபெத், எழுபத்து மூன்று ஆண்டுகள் உடன்வாழ்ந்த கணவரின் இறுதிச் சடங்கில், முகக்கவசம் அணிந்து தனித்து அமர்ந்திருந்தார். அந்தப் படத்தைக் கண்டு எம்மில் பலர் தத்தம் அன்னையரை நினைத்துக் கொண்டோம். முடியாட்சியில் பற்றில்லாதவரும் அன்று கண்கலங்கினர்.

இவற்றை முதன்முதலில் வெளிக்கொணர்ந்தது 2021 நவம்பர் 30ஆம் திகதிய டெய்லி மிரர் பத்திரிகை. மறுநாள் பாராளுமன்றத்தில், எல்லா வழிகாட்டல்களும் 10ஆம் இலக்கத்தில் முற்றாகப் பின்பற்றப்பட்டன என்றார் ஜோன்சன். ஒரு வாரத்தின் பின், விருந்தெதுவும் நிகழவில்லை எனத் தமக்கு மீண்டும் மீண்டும் உறுதியளிக்கப்பட்டதாகக் கூறினார். ஜனவரியில், தோட்டத்தில் நின்றது உண்மை, ஆனால் அது அலுவலக வேலை என எண்ணினேன் என்றார். அகதி ஒருவர் மூன்று விசாரணைகளில் இவ்வாறு மூன்று விதமாகச் சொல்லியிருப்பின் வரும் கடிதம் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சிவில் அதிகாரி சூ கிரே அம்மையாரின் முழு அறிக்கை 2022 மே 25ஆம் திகதி வெளியாயிற்று. விருந்துகளின் விபரங்களையே பத்திரிகைகள் பெரிதாக வெளியிட்டன. நம்மவர் வாசிக்க வேண்டிய வரிகள் வேறு. காவலாளரும் துப்புரவுப் பணியாளரும் மரியாதையின்றி நடத்தப்பட்ட நிகழ்வுகள் பல தம் கவனத்துக்கு வந்தன என்றும், அது ஏற்கத்தக்கதன்று என்றும் அவர் எழுதினார். டிசம்பர் விருந்தின் மறுநாட் காலையில் அறைக்குள் சென்ற துப்புரவுப் பணியாளர், சுவரிலும் கடதாசிப் பெட்டிகளிலும் சிவப்பு வைன் சிந்தியிருக்கக் கண்டமையும் அவ்வறிக்கையில் உண்டு. இலண்டன் மாநகரின் அலுவலகங்களை விடியற்காலையில் துடைப்போர் யார்? இரவு முழுவதும் வாயிலில் காவல் இருப்போர் யார்? யாழ்ப்பாணத்தில் கணக்காளராகவும் கிராம சேவையாளராகவும் இருந்தவர்கள் இங்கு வந்து முதலில் ஏந்தியது துடைப்பத்தையும் காவலாளியின் கைவிளக்கையுமே. நாடே முடங்கியிருந்த அந்நாட்களில் பேருந்தேறி வேலைக்குச் சென்றோரும் அவர்களே. அந்தச் சுவரைத் துடைத்தவரின் பெயரை நாம் அறியோம். அவர் எந்நாட்டவர் என்பதையும் அறியோம். எனினும் அவரை நாம் நன்கறிவோம்.

பொலிஸ் விசாரணை 2022 மே 19இல் முடிவுற்றபோது, 83 பேருக்கு 126 தண்டச் சீட்டுக்கள் வழங்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று பிரதமருக்கு, ஏப்ரல் 12ஆம் திகதி. பதவியிலிருக்கும் பிரதமர் ஒருவர் சட்டத்தை மீறியமைக்காகத் தண்டிக்கப்பட்டது இந்நாட்டு வரலாற்றில் அதுவே முதற்றடவை. நிதியமைச்சர் ரிஷி சுனாக்கும் அதே பிறந்தநாள் ஒன்றுகூடலுக்காகத் தண்டம் செலுத்தினார். பின்னர் அவரும் பிரதமரானார். ஏப்ரல் 12ஐ அடுத்து வந்த 14ஆம் திகதியை நாம் மறந்துவிடலாகாது. அன்றுதான் கென்ற் மாநிலத்தில் நின்று, சிறு படகுகளில் வருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை ஜோன்சன் அறிவித்தார். சட்டவிரோதமாக வருவோர் என்ற சொற்றொடரைச் சட்டமீறலுக்காகத் தண்டமிடப்பட்டு இரண்டு நாட்களேயான ஒருவரின் வாயிலிருந்து கேட்டோம். அத்திட்டம் சட்டவிரோதமானது என 2023 நவம்பர் 15ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பதவி விலகுமாறு கோரிய குரல்கள் எதிர்க்கட்சியில் மட்டும் எழவில்லை. 2022 ஜனவரி 19ஆம் திகதி அவரது கட்சியின் மூத்த உறுப்பினர் டேவிட் டேவிஸ் எழுந்து, “கடவுளின் பெயரால், போய்விடுங்கள்” என்றார். 1653இல் குரொம்வெல் பாராளுமன்றத்தைக் கலைக்கையில் கூறியதாகவும், 1940இல் லியோ அமெரி சேம்பர்லேனை நோக்கிக் கூறியதாகவும் பள்ளியில் நாம் படித்த வாசகம் அது. அதே சபையில் இன்னொரு காட்சியும் நடந்தது. பிரதமர் பொய் சொல்கிறார் என்று 2021 யூலை 22ஆம் திகதி கூறிய தொழிற்கட்சி உறுப்பினர் டோன் பட்லர் அன்றைக்குச் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். சக உறுப்பினரைப் பொய்யர் என அழைத்தல் சபை மரபுக்கு ஒவ்வாதாம். பொய் சொல்வதற்கு எதிராகவும் மரபொன்று உண்டு: அறிந்தே சபையைத் தவறாக வழிநடத்தும் அமைச்சர் பதவி விலக முன்வருதல் வேண்டும் என அமைச்சர்களுக்கான ஒழுக்கக்கோவை கூறுகிறது. முதல் மரபு உடனே செயற்பட்டது. இரண்டாவது மிகவும் மெதுவாக நடந்தது.

முன்னொரு காலத்தில் அது விரைவாகவும் நடந்ததுண்டு. போர் அமைச்சர் ஜோன் புரொஃபியூமோ, கிறிஸ்டீன் கீலருடன் தமக்குத் தகாத உறவில்லை என 1963 மார்ச்சில் சபையில் உறுதி கூறினார். யூன் 5ஆம் திகதி, தாம் கூறியது பொய் என ஒப்புக்கொண்டு பதவி துறந்தார். அதன்பின் கிழக்கு இலண்டனில் ரொயின்பீ ஹோல் எனும் தொண்டு நிலையத்தில் சாதாரண ஊழியராகச் சேர்ந்து பல்லாண்டுகள் ஏழைகளிடையே உழைத்தார். உறவை விடப் பொய்யே அன்று பெருங்குற்றமாகக் கருதப்பட்டது.

அகதிகளில் மூத்தோருக்கு ஜோன் மேஜரின் காலமும் நினைவிருக்கும். 1993 ஒக்டோபரில் கட்சி மாநாட்டில் அவர் அடிப்படை விழுமியங்களுக்குத் திரும்புவோம் என முழங்கினார். தனித்து வாழும் தாய்மாரைச் சில அமைச்சர்கள் இழித்துப் பேசிய காலம் அது. சில மாதங்களுக்குள் அக்கட்சியினரின் கள்ள உறவுகளும் காசு வாங்கிக் கேள்வி கேட்ட கதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அம்பலமாயின. அதே ஆட்சிதான் 1996இல், விமான நிலையத்தில் அல்லாமல் நாட்டுக்குள் வந்தபின் அடைக்கலம் கோரியோரின் உதவிப் பணத்தை நிறுத்தியது. மேஜருக்கே முன்னாள் அமைச்சர் எட்வினா கரியுடன் நான்காண்டுத் தொடர்பு இருந்தது என்பது 2002இல் வெளிவந்தபோது அவர் பதவியை இழந்து ஐந்தாண்டுகள் கடந்திருந்தன.

ஜோன்சனைக் கடைசியில் வீழ்த்தியது விருந்துமன்று. 2022 யூன் 6ஆம் திகதி அவரது கட்சி உறுப்பினர் 148 பேர் அவருக்கெதிராக வாக்களித்தும் 211 வாக்குகளால் தப்பிப் பிழைத்தார். கிறிஸ் பிஞ்சர் என்பவர் மீதான முறைகேட்டுப் புகார் முன்னரே தமக்குத் தெரிந்திருந்தும் தெரியாதெனக் கூறவைத்தமை வெளிப்பட்டபோதுதான் அமைச்சர்கள் வரிசையாக விலகினர். யூலை 7ஆம் திகதி வாயிலில் நின்று தம் விலகலை அறிவித்தார்.

சரியாக ஒரு வாரத்தின் பின் கோத்தபாய ராஜபக்சவும் பதவி விலகினார். மாளிகையை மக்கள் கைப்பற்ற, யூலை 13இல் விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்கு ஓடி, அங்கிருந்து சிங்கப்பூர் சென்று விலகல் கடிதத்தை அனுப்பினார். எரிபொருளும் எரிவாயுவும் இல்லாமற் போனமைக்காகத் தென்னிலங்கை மக்கள் அவரை விரட்டினர். 2009இல் வன்னியில் நடந்தவற்றுக்காக அல்ல. ஐம்பது பவுண் தண்டத்துக்காகப் பிரதமரைக் கேள்வி கேட்கும் நாட்டைக் கண்டு நாம் வியப்பதும், அக்கேள்வியின் சிறுமையைக் கண்டு மனம் கசப்பதும் ஒருசேர நிகழ்வது இதனாலேயே. இடையே ஒன்று: பதவி விலகல் என்ற சொல்லே எமது சங்கங்களின் யாப்புகளில் உண்டா என ஐயுற வேண்டியுள்ளது. கணக்குக் கேட்டவரைக் கூட்டத்திலிருந்து வெளியேற்றும் மரபு மட்டும் எம்மிடமும் செவ்வனே உண்டு.

பாராளுமன்றச் சிறப்புரிமைக் குழு ஹரியட் ஹார்மன் தலைமையில் ஜோன்சனை 2023 மார்ச் 22ஆம் திகதி சத்தியம் செய்வித்து விசாரித்தது. அக்குழுவில் அவரது கட்சியினரே பெரும்பான்மையினர். யூன் 15இல் வெளியான அறிக்கை, அவர் வேண்டுமென்றே சபையைத் தவறாக வழிநடத்தினார் எனத் தீர்த்தது. அவர் அதற்கு முன்னரே உறுப்பினர் பதவியைத் துறந்திருந்தார். இல்லையேல் 90 நாட்கள் இடைநிறுத்தப் பரிந்துரைத்திருப்போம் என்றது குழு. யூன் 19ஆம் திகதி சபை 354க்கு 7 என்ற வாக்குகளால் அவ்வறிக்கையை ஏற்றது. முன்னாள் உறுப்பினருக்கு உரிய நுழைவு அட்டையும் அவருக்கு மறுக்கப்பட்டது.

அவர் விட்டுச் சென்ற அக்ஸ்பிரிட்ஜ், தென் ரைஸ்லிப் தொகுதி எம்மவர் செறிந்து வாழும் ஹரோவுக்கு அயலில் உள்ளது. யூலை 20ஆம் திகதி அங்கு இடைத்தேர்தல் நடந்தது. விருந்தைப் பற்றிய பேச்சை விட, பழைய கார்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் அறவிடும் இலண்டன் நகராட்சியின் திட்டமே வீடு வீடாகப் பேசப்பட்டது. ஜோன்சனின் கட்சியே 495 வாக்குகளால் வென்றது. இலங்கைக் கடவுச்சீட்டு உடையவராயினும், இங்கு தங்கும் அனுமதி பெற்றவர்கள் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் வாக்காளர் பட்டியலில் பதிந்து வாக்களிக்கலாம். படமுள்ள அடையாள அட்டை ஒன்றைக் கொண்டு செல்லல் வேண்டும். இதனை அறியாத குடும்பங்கள் எம்மிடையே இன்னும் உள்ளன. உள்ளூராட்சி மன்றம் அனுப்பும் பதிவுப் படிவத்தைக் குப்பைத் தபால்களோடு வீசிவிடாதீர்கள்.