சட்டம் விட்டுவைத்த இடைவெளி

2017 அக்டோபர் 1. லாஸ் வேகாஸ் நகரில் திறந்தவெளி இசை விழா நடந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த ஹோட்டலின் 32-வது மாடியிலிருந்து ஒருவன் கூட்டத்தை நோக்கிச் சுட்டான். சுமார் பத்து நிமிடங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டாக்கள் பாய்ந்தன. பிறகு சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் பலியானார்கள். இயந்திரத் துப்பாக்கி போலவே சடசடத்த அந்த ஆயுதங்கள், சட்டத்தின் கணக்கில் இயந்திரத் துப்பாக்கிகளே அல்ல.

அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் எந்தத் துப்பாக்கியையும் வாங்கிவிடலாம் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். தானியங்கித் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை அது தவறு. 90 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே அவற்றுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது.

சிகாகோ தந்த பாடம்

மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயக் கும்பல்களின் கையில் 'தாம்சன்' தானியங்கித் துப்பாக்கி புழங்கியது. 1929-ம் ஆண்டு காதலர் தினத்தன்று சிகாகோவில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதுபோன்ற கொடூரங்கள் நாட்டையே உலுக்கியதன் விளைவுதான் 1934-ம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம். இயந்திரத் துப்பாக்கியை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றினால் 200 டாலர் வரி கட்ட வேண்டும். அன்று ஒரு தாம்சனின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

1986-ல் பிடி மேலும் இறுகியது. அந்த ஆண்டு மே 19-க்கு முன் சட்டப்படி பதிவானவற்றைத் தவிர வேறெந்த இயந்திரத் துப்பாக்கியையும் தனிமனிதர் வைத்திருக்கக் கூடாது. இருப்பவை மட்டுமே கைமாறும் என்பதால் ஒன்றின் விலை பல்லாயிரம் டாலர். வாங்குபவர் கைரேகை, புகைப்படம் கொடுத்து, பின்னணி விசாரணைக்கும் உட்பட வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் அதற்கும் வழியில்லை.

பலன் கண்கூடு. இப்படிப் பதிவான துப்பாக்கியால் குற்றம் நடந்தது என்ற செய்தியே மிக அரிது. சட்டம் போட்டால் குற்றவாளி கேட்பானா என்று வாதிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விரலுக்கும் விசைக்கும் நடுவே

விசையை ஒருமுறை இயக்கியதும் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைத் தானாகச் சுடுவதே இயந்திரத் துப்பாக்கி என்பது சட்டத்தின் வரையறை. ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் சுட்டால் அது அரைத் தானியங்கி. அது கடையில் கிடைக்கும்.

'பம்ப் ஸ்டாக்' என்ற சாதனம் இந்த எல்லைக்கோட்டின் மேல்தான் நிற்கிறது. துப்பாக்கியின் பின்கட்டைக்குப் பதிலாக இதைப் பொருத்தினால், சுடும்போது ஏற்படும் உதைப்பில் துப்பாக்கி முன்னும் பின்னும் நகரும். அசையாமல் வைத்த விரலில் விசை திரும்பத் திரும்ப மோதும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் பாயும். லாஸ் வேகாஸில் பயன்பட்டது இதுதான்.

படுகொலைக்குப் பிறகு, டிரம்ப் அரசு இதையும் இயந்திரத் துப்பாக்கி என்று வகைப்படுத்தித் தடை செய்தது. 2019 மார்ச்சில் தடை அமலுக்கு வந்தது. டெக்சாஸ் துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் தடையை ரத்து செய்தது. விசை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக இயங்குகிறது என்றது நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு. சுடுபவர் செய்வது ஒரே செயல், மீதியைச் சாதனம் பார்த்துக்கொள்கிறது என்று மறுத்தார் நீதிபதி சோனியா சோட்டோமயோர்.

இன்னொரு ஆபத்தும் வளர்கிறது. கைத்துப்பாக்கியின் பின்புறம் பொருத்தி அதைத் தானியங்கியாக மாற்றும் 'ஸ்விட்ச்', நாணயத்தின் அளவுதான் இருக்கும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில்கூடச் செய்துவிடலாம். இதைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 10 ஆண்டுவரை சிறை. இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது, தேவைப்படுவது கண்காணிப்பு. பம்ப் ஸ்டாக்கிலோ கூட்டாட்சிச் சட்டமே மௌனமாக இருக்கிறது.

ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை என்பது அங்கே வலுவான வாதம். அந்த உரிமையை 2008-ல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தின் ஹெல்லர் தீர்ப்பே, அது வரம்பற்றதல்ல என்றும் சொன்னது. பம்ப் ஸ்டாக் வழக்கில் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி சாமுவேல் அலிட்டோவும், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாம் என்று தனியே எழுதியிருக்கிறார்.

ஆக, தடையாக இருப்பது அரசியலமைப்பு அல்ல, அரசியல் துணிவின்மை. விசை எப்படி நகர்கிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு வேகத்தில் சுடுகிறது என்பதைக் கொண்டு ஆயுதத்தை வரையறுக்க வேண்டும். 1934-லும் 1986-லும் செய்ய முடிந்ததை இன்றைய நாடாளுமன்ற உறுப்பினர்களாலும் செய்ய முடியும். இன்னொரு லாஸ் வேகாஸ் நடந்த பிறகுதான் என்று அவர்கள் காத்திருக்கக் கூடாது.