ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்: டெல்லி மதுக்கடைத் தள்ளுபடிக்குப் பணம் கொடுத்தது யார்?

2022 பிப்ரவரியில், டெல்லியில் வேலை பார்த்துக்கிட்டிருந்த என் நண்பர் ஒருத்தர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். அலமாரியில் வரிசையா எட்டு விஸ்கி பாட்டில். கீழே ஒரே ஒரு வரி: "4,000 ரூபாய் மிச்சம் பண்ணிட்டேன் மச்சி!"

ஒரு பாட்டில் எம்ஆர்பி 1,000 ரூபாய். ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். அதனால 8,000 ரூபாய் சரக்கு 4,000 ரூபாய்க்கு வந்திருக்கு. அவர் வழக்கமா மாசம் ரெண்டு பாட்டில் வாங்குறவர். அப்போ இது நாலு மாசத்துக்குப் போதும். கணக்கு சரியாத்தானே இருக்கு?

இந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு, முதல்ல வேற ஒரு கேள்வி. எம்ஆர்பியில் பெரும்பகுதி அரசு வரியா இருக்கிற ஒரு பொருளை ஒரு கடைக்காரர் எப்படிப் பாதி விலைக்குக் கொடுக்க முடியும்? வரியைத் தள்ளுபடி பண்ண அவருக்கு அதிகாரம் கிடையாதே. இதுக்கான பதில் டெல்லி அரசு 2021-ல் மாத்தின விதிகளில் இருக்கு. அதைப் புரிஞ்சுக்கிட்டா, மதுவைத் தொடாதவங்களுக்குக்கூட ஜிம் மெம்பர்ஷிப்பிலிருந்து ஓடிடி சந்தா வரைக்கும் பல "ஆஃபர்" எப்படி வேலை செய்யுதுன்னு புரியும்.

பாட்டிலுக்குள்ள இருக்கிற வரி

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அது மாநிலங்கள் கையில் இருக்கு. கலால் வரி, வாட் ரெண்டையும் மாநில அரசுதான் போடும். அதனாலதான் ஒரே பிராண்ட் டெல்லியில் ஒரு விலை, எல்லையைத் தாண்டி குருகிராம் போனா இன்னொரு விலை.

டெல்லியின் பழைய முறையில் வரி ஒவ்வொரு பாட்டிலோடயும் ஒட்டிக்கிட்டு இருந்தது. பாட்டில் வித்தா அரசுக்கு வரி வரும், விக்கலைன்னா வராது. கடைகளில் பாதிக்கு மேல நாலு அரசு நிறுவனங்கள் நடத்தின, மீதி தனியார். விலை நிர்ணயிக்கப்பட்ட விலைதான். தள்ளுபடிங்கிற பேச்சே இல்ல.

2021 நவம்பர் 17-ஆம் தேதி புதுக் கொள்கை அமலுக்கு வந்தது. அரசு சில்லறை விற்பனையிலிருந்து முழுசா விலகிக்கிச்சு. நகரத்தை 32 மண்டலமாப் பிரிச்சு, மொத்தம் 849 கடைகளுக்கு ஏலம் விட்டாங்க. சாதாரண மண்டலத்துக்கு 27 கடை, விமான நிலையத்துக்கு 10. ஏலத்தில் கேட்கப்பட்ட மொத்தத் தொகை சுமார் 8,900 கோடி ரூபாய். எம்ஆர்பிக்குக் கீழ விக்க அனுமதியும் வந்தது. வருஷத்துக்கு 21-ஆக இருந்த 'டிரை டே' 3-ஆகக் குறைஞ்சது.

செய்திகளில் எல்லாரும் பளபளன்னு இருந்த கடைகளைப் பத்தியும் டிரை டேயைப் பத்தியும்தான் பேசினாங்க. எனக்கு முக்கியமாப் படுறது வேற ஒண்ணு. பாட்டிலோடு ஒட்டியிருந்த வரியைப் பிச்சு எடுத்து, லைசென்ஸ் கட்டணத்துக்குள்ள போட்டுட்டாங்க. பாட்டில் மேல பேருக்குத்தான் வரி, கலால் 1%, வாட் 1%. மண்டலத்தை எடுத்தவர் எத்தனை பாட்டில் வித்தாலும் சரி, விக்காட்டியும் சரி, லைசென்ஸ் கட்டணத்தைக் கட்டியே ஆகணும்.

இதுக்குப் பின்னாடி ஒரு நியாயமும் இருந்தது. பாட்டிலுக்குப் பாட்டில் வரி இருந்தா, கணக்கில் வராத ஒவ்வொரு பாட்டிலும் வரி ஏய்ப்பவருக்கு லாபம். கட்டணத்தை மொத்தமா வாங்கிட்டா அந்த ஆசை போயிடும், அரசுக்கும் வருமானம் முன்கூட்டியே தெரியும். பேப்பரில் பார்த்தா புத்திசாலித்தனமான மாற்றம்தான்.

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம்

புரியறதுக்காக எளிமையான எண்களை வெச்சுக்கலாம். இது உண்மையான கடைக் கணக்கு இல்ல. பாட்டில் எம்ஆர்பி 500 ரூபாய். அதில் கம்பெனிக்கும் மொத்த விற்பனையாளருக்கும் 180, வரி 270, கடைக்காரர் லாபம் 50.

பழைய முறையில் இவர் 400 ரூபாய்க்கு வித்தா? 180-ம் 270-ம் சேர்ந்து அவர் அடக்கவிலையே 450. பாட்டிலுக்கு 50 ரூபாய் கைநஷ்டம். சட்டமே அனுமதிச்சிருந்தாலும் இவர் பெரிய தள்ளுபடி கொடுத்திருக்க மாட்டார்.

புது முறையில், மாசம் 1,000 பாட்டில் விக்கும்னு கணக்குப் போட்டு, அதுக்குரிய வரி 2,70,000 ரூபாயை லைசென்ஸ் கட்டணமாக் கட்டிடுறார்னு வைங்க. இப்போ அடுத்த பாட்டிலுக்கு அவர் கையிலிருந்து போறது வெறும் 180 ரூபாய். 400-க்கு வித்தாலும் 220 ரூபாய் கையில் நிக்கும்.

எம்ஆர்பியிலேயே 1,000 பாட்டில் வித்தா, கட்டணம் போக மிச்சம் 50,000. 400 ரூபாய்க்கு இறக்கி 1,500 பாட்டில் வித்தா, 3,30,000 வந்து, கட்டணம் போக 60,000. தள்ளுபடி கொடுத்தவருக்குத்தான் லாபம் அதிகம்!

இப்போ பக்கத்து மண்டலக்காரர் தள்ளுபடி கொடுக்கிறார், நீங்க கொடுக்கலைன்னு வைங்க. கூட்டம் அங்க போயிடுது, உங்க விற்பனை 600-க்கு இறங்குது. பாட்டிலுக்கு 320 வீதம் 1,92,000 வருது. கட்டவேண்டியது 2,70,000. மாசம் 78,000 நஷ்டம். நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்களும் விலையை இறக்குவீங்க. அவர் இன்னும் இறக்குவார். கடைசியில் ஒண்ணுக்கு ஒண்ணு இலவசம். அதாவது பாட்டில் 250 ரூபாய், கையில் நிக்கறது 70. கட்டணத்தை மட்டும் எடுக்கவே 3,858 பாட்டில் விக்கணும்.

டெல்லியில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. 2022 பிப்ரவரியில் கடை வாசல்களில் கட்டுக்கடங்காத கூட்டம். பிப்ரவரி 28-ஆம் தேதி அரசே தள்ளுபடியை நிறுத்தி உத்தரவு போட்டது. ஏப்ரல் மாசம் மறுபடி அனுமதிச்சாங்க, ஆனா எம்ஆர்பியில் 25% வரைக்கும்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்க. நம்ம உதாரணத்தில் கூடுதலா வித்த 500 பாட்டிலுக்குப் பழைய முறையில் அரசுக்கு 1,35,000 ரூபாய் வந்திருக்கும். புது முறையில் கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. குடி கூடுது, வருமானம் கூடல. குடிச்சவர் நாளைக்கு உடம்பு கெட்டுப் போய் நிக்கப்போறதோ அரசு ஆஸ்பத்திரி வரிசையில்!

அந்த எட்டு பாட்டில்

நண்பர் கதைக்கு வருவோம். நாலு மாசத்துக்குன்னு வாங்கின சரக்கு எப்போ தீர்ந்துச்சு தெரியுமா? ரெண்டே மாசத்துல. வீட்டில் இருக்கு, "எப்படியும் ஓசியில் வந்ததுதானே"ன்னு ஒரு நினைப்பு, வெள்ளிக்கிழமை நண்பர்கள் வந்தா அடுத்த கடைக்குப் போகவேண்டிய அவசியமும் இல்ல.

ரெண்டு மாசத்துக்கு 4,000 ரூபாய். அதாவது மாசம் 2,000. முன்னாடி அவர் செலவு? அதே 2,000 தான். மிச்சம் பூஜ்யம். மாறினது ஒண்ணே ஒண்ணு, குடிக்கிற அளவு இரட்டிப்பாச்சு. ஆஃபர் நின்ன பிறகும் அந்தப் பழக்கம் நிக்கல. மே மாசம் அவர் செலவு 3,500-க்கு வந்திருந்தது. இதை அவரே எக்செல் ஷீட்டில் போட்டு எனக்குக் காட்டினார், அதனாலதான் இவ்வளவு துல்லியமாச் சொல்றேன். கிரெடிட் கார்டில் வேற தேய்ச்சு 'மினிமம் டியூ' மட்டும் கட்டியிருந்தார். வருஷத்துக்கு 40% பக்கத்தில் வட்டி போகிற கடன் அது.

கடைக்காரர் பிரச்சினையும் நண்பர் பிரச்சினையும் ஒரே அச்சு. பணத்தை மொத்தமா முன்னாடியே கட்டிட்டா, அடுத்தது இலவசம் மாதிரி தெரியும். கட்டணத்தைக் கட்டினவர் "எவ்வளவு வித்தாலும் லாபம்"னு நினைச்சார். பாட்டிலை அடுக்கினவர் "எவ்வளவு குடிச்சாலும் ஏற்கனவே கட்டியாச்சு"ன்னு நினைச்சார். மாசத்தில் ஒரு படம் பார்க்க ஒரு வருஷ சந்தா கட்டிட்டு, அதுக்காகவே ராத்திரி 2 மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கோமே, அதுவும் இதே ரகம்தான். ஜிம் மட்டும் உல்டா: அங்க காசு கட்டினவங்க போகமாட்டாங்க, ஜிம்காரருக்கு லாபமே அதில்தான்.

இப்படி மொத்தமா வாங்கி அடுக்கறதுக்குச் சட்டத்திலும் வரம்பு இருக்கு. டெல்லியில் 25 வயசுக்கு மேல உள்ள ஒருத்தர் விஸ்கி, ரம், ஜின், வோட்கா எல்லாம் சேர்த்து 9 லிட்டரும், பீர், ஒயின் 18 லிட்டரும் வரைக்கும்தான் வீட்டில் வெச்சிருக்கலாம். 25-ங்கிறதைக் கவனிங்க. தமிழ்நாட்டில் 21. கல்லூரி முடிச்ச கையோட டெல்லியில் வேலைக்குச் சேர்ற நம்ம பசங்க பலருக்கு இது தெரியறதில்ல.

கடைசியில் யார் தலையில் விடிஞ்சது?

ஏலத்தில் பெரிய தொகை கேட்டவங்களால தாக்குப்பிடிக்க முடியல. சில வார்டுகள் மாஸ்டர் பிளான்படி கடை வைக்கக்கூடாத இடங்கள். அங்க கடையே திறக்க முடியல, அதுக்குரிய கட்டணம் போச்சு. 2022 ஆகஸ்ட்டுக்குள் 19 மண்டல லைசென்ஸ்கள் காலம் முடியும் முன்னாடியே திருப்பிக் கொடுக்கப்பட்டன. ஜூலையில் துணைநிலை ஆளுநர் சிபிஐ விசாரணைக்குப் பரிந்துரை செய்தார். ஆகஸ்ட் 31-ஓடு கொள்கை முடிஞ்சது. செப்டம்பர் 1 முதல் மறுபடி அரசு நிறுவனக் கடைகள், மறுபடி நிர்ணய விலை. அந்த வழக்கும் கைதுகளும் தனி அரசியல், நம்ம சேனலுக்கு அது வேண்டாம்.

2025 பிப்ரவரியில் சட்டசபையில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை, அரசுக்கு ஏற்பட்ட இழப்பைச் சுமார் 2,002 கோடி ரூபாய்னு சொன்னது. கடை திறக்க முடியாத வார்டுகளால் 941 கோடி, திருப்பிக் கொடுத்த மண்டலங்களை மறு ஏலம் விடாததால் 890 கோடி, கோவிட் காரணம் காட்டி விட்டுக்கொடுத்த கட்டணம் 144 கோடி, மீதி வைப்புத்தொகை சம்பந்தப்பட்டது.

"கட்டணம் முன்கூட்டியே உறுதி"ன்னு நம்பின இடத்திலேயே ஓட்டை விழுந்திருக்கு பாருங்க. கட்டவேண்டியவர் லைசென்ஸையே திருப்பிக் கொடுத்துட்டா உறுதி எங்க இருக்கு? அதிக வட்டி தர்றேன்னு சொல்ற கம்பெனி டெபாசிட்டைப் பார்க்கும்போதும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

நம்ம ஊர்ல?

தமிழ்நாடு இதுக்கு நேர் எதிர். 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். போட்டி இல்ல, அதனால தள்ளுபடியும் இல்ல. வரி பாட்டிலோடயே ஒட்டியிருக்கு. 2023-24-ல் கலால், வாட் ரெண்டும் சேர்ந்து 45,000 கோடி ரூபாயைத் தாண்டிச்சு. விற்பனை குறைஞ்சா பட்ஜெட்டில் துண்டு விழும்ங்கிற நிலைமையில் ஓர் அரசு எவ்வளவு தூரம் மதுவைக் குறைக்க நினைக்கும்னு தெரியல. டெல்லி முறையில் கடைக்காரருக்கு இருந்த அரிப்பு இங்க அரசுக்கு இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

விதி மாறும்போது உங்க கைக்குத் திரும்பி வர்ற காசும் உண்டு. நீலகிரியில் 2022-ல் தொடங்கின காலி பாட்டில் திட்டத்தில், பாட்டிலுக்குக் கூடுதலா வாங்குற 10 ரூபாய் விலை இல்ல, டெபாசிட். ஊட்டி டூர் போற ஆபீஸ் கும்பல் இருபது பாட்டிலை ரிசார்ட்லயே விட்டுட்டு வந்தா 200 ரூபாய் போச்சு, காட்டில் வீசினா யானைக்காலில் குத்தும்.

கடைசியா, டீம் பார்ட்டி பில். உணவுக்கு ஜிஎஸ்டி, மதுவுக்கு அந்த மாநில வாட் இருந்தா அது தனி வரி. ரெண்டையும் மொத்தமாக் கூட்டி அது மேல ஜிஎஸ்டி போட்டிருந்தா அது தப்பு. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லைன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் உறுதி செஞ்சிருக்கு. பில்லில் அந்த வரி இருந்தா, கார்டை நீட்டறதுக்கு முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க. தட்டின பிறகு திருப்பி வாங்கறது பெரிய தலைவலி.